மல்லாந்து துயிலும் விதி: மார்பகப் பெருக்க சிகிச்சைக்குப் பிற்பட்ட சயனம் பற்றி ஒரு மறுபரிசீலனை

மார்பகப் பெருக்க சஸ்திர சிகிச்சை செய்துகொண்ட பெண்ணுக்கு மருத்துவர் எழுதித் தரும் விதிகளுள், மேலுடலை 30 முதல் 45 பாகை வரை உயர்த்தி மல்லாந்து துயில வேண்டும், ஒருக்களித்துப் படுப்பதைச் சில வாரங்கள் ஒத்திவைக்க வேண்டும், குப்புறப் படுப்பதை அதனினும் நெடுநாள் விலக்க வேண்டும் என்பது ஏறக்குறைய எங்கும் காணப்படுவது. பொதிந்து வைத்த பை தன் ஸ்தானத்தினின்று நழுவாதிருக்கவே இவ்விதி ஏற்பட்டது என்று இத்துறையில் எழுதியோர் தொடர்ந்து கூறி வந்திருக்கின்றனர். விதி சரியானது, அதற்குக் கற்பித்த காரணம் பெரும்பாலும் பிழையானது என்பது என் அபிப்பிராயம்.

முதலில் பாரத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 300 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள சிலிகோன் பையின் எடை ஏறத்தாழ 300 கிராம். தட்டையான கட்டிலில் மல்லாந்து கிடக்கும் சரீரத்தில், மார்பெலும்பிலிருந்து இருபுறமும் சரிந்திறங்கும் விலாக்கூட்டின்மேல் அது அமர்ந்திருப்பதால், அதன் பாரமே அதனை அக்குள் பக்கம் ஒதுக்கும். பரிசோதனை மேஜையில் மல்லாந்து படுக்கச் செய்தால் இதனைப் பிரத்தியட்சமாகவே காணலாம். எனவே மல்லாந்த சயனத்தை நடுநிலையான சயனம் என்பது பொருந்தாது. மேலுடலை 30 பாகை உயர்த்தினால் முதுகு நோக்கி அழுத்தும் பாரம் 87 சதவீத அளவுக்கும், 45 பாகை உயர்த்தினால் 71 சதவீத அளவுக்கும் குறைகிறது; பக்கவாட்டு இழுப்பும் அதே விகிதத்தில்தான் குறையும். ஆனால் அந்த 30 பாகையிலேயே எடையில் சரிபாதி, அதாவது 150 கிராம், கால்பக்கமாகத் திரும்பி மார்பகத்தின் கீழ்மடிப்பை இழுக்கிறது. பல பெண்களுக்குத் தையல் இருப்பதும் அம்மடிப்பில்தான். நழுவுதல் ஒன்றே நம் அச்சமாயின், அச்சத்தின் திசையை மாற்றிக்கொண்டதன்றி வேறு லாபம் அதிகமில்லை.

விதியை அடியோடு மறுப்பவர்களும் உளர். அவர்கள் பெரிதும் நம்பியிருப்பது டல்லாஸ் நகரத்து மருத்துவர் ஜான் டெபெட்ஸ் 2002-இல் இரு பகுதிகளாக வெளியிட்ட ஆய்வு. தொழிற்சாலையில் தொழிலாளியின் கையசைவையும் அதற்காகும் நேரத்தையும் அளந்த பழைய முறையைச் சிகிச்சை மேடைக்குக் கொண்டுவந்து, மருத்துவரின் வீண் அசைவுகளைக் களைந்தால் திசுக்களின் காயமும் இரத்தக் கசிவும் குறையும் என்று அவர் வாதித்தார். வடிகுழாய், விசேஷக் கட்டு, கடுமையான வலிமருந்து ஆகியவை இன்றியே தம் நோயாளிகளுள் 96 சதவீதத்தினர் 24 மணி நேரத்துக்குள் வழக்கமான அலுவல்களுக்குத் திரும்பினர் என்பது அவர் கண்ட முடிவு. மறுநாளே கார் ஓட்டும் பெண்ணை எப்படிப் படுக்க வேண்டும் என்று கட்டுப்படுத்துவது வீண் என, அம்முடிவைக் கொண்டு சிலர் துணிந்துவிட்டனர்.

இவ்வாசிப்பை நான் ஏற்கவில்லை. மீட்சிக்கு அளவுகோலாக அங்கே கொள்ளப்பட்டவை எவை? கைகளைத் தலைக்குமேல் உயர்த்துதல், சாதாரண எடையுள்ள பொருள்களைத் தூக்குதல், கார் ஓட்டுதல் என்பன. இவை யாவும் விழித்திருப்பவள் தன் அறிவோடு செய்யும் செயல்கள். வலி தோன்றிய மாத்திரத்தில் நிறுத்திக்கொள்ளத் தக்கவை. உறங்குபவளோ தானறியாமலே ஓரிரவில் பலமுறை புரள்பவள். 24 மணி நேரத்துள் ஓர் இரவும் அடங்கியிருக்கிறது என்பது மெய்யே. ஆயினும் அவ்வளவுகோல்களுள் இரவுக்கு உரியது ஒன்றுமில்லை. பகலை அளந்த கோலால் இரவை அளப்பதை வாதம் என்று கொள்ள இயலவில்லை. மேலும், அம்முடிவு சஸ்திரத்தை நடத்திய விதத்தின் விளைவு. மழுங்கிய கருவியால் திசுவைக் கிழித்துப் பிரிக்காமல், மின்சூட்டுக் கருவியால் இரத்த நாளங்களைக் கண்டு கண்டு அடைத்துச் சென்றவரின் நோயாளிகளுக்கு நேர்ந்ததை, வேறு விதமாகச் சிகிச்சை பெற்றவர்க்கும் உரிமையாக்குவது அவருடைய ஆய்வுக்கே நியாயம் செய்வதன்று.

அவ்வாய்வில் என் கருத்துக்கு மெய்யாகவே இடையூறானது ஒன்றுண்டு. பொருள்களைத் தூக்குவதால் கெடுதி வரவில்லையாயின், விதியின் மெய்யான காரணமாக நான் கொள்ளும் தசையின் இயக்கத்தைப் பெரிதாக அஞ்சுவது ஏன்? இதற்கு விடை, படுக்கையினின்று எழும் கணத்தில் இருக்கிறது. தட்டையாகப் படுத்தவள் எழ முயலும்போது உள்ளங்கையை மெத்தையில் ஊன்றி, முழங்கையை நிமிர்த்தி, மேலுடலின் பாரம் முழுவதையும் ஒரு புறத்துப் பெருமார்புத் தசையின்மேல் ஏற்றுகிறாள். அத்தசையின் அடியில் பை இருக்குமாயின், இறுகிய தசை அதனை வெளிப்புறமாகத் தள்ளுகிறது. நின்றபடி முழங்கையை மடக்கிப் பால் குப்பியைத் தூக்குகையில் உழைப்பது பெரும்பாலும் மேற்கைத் தசை. கைகளால் உந்தும் விசையை எண்ணிப் பார்த்தால் 150 கிராமைப் பற்றிய தர்க்கம் அற்பமாகிவிடும். மூன்று தலையணைகளை அடுக்கி, முழங்காலுக்கடியில் ஒன்றை வைத்துச் சாய்ந்திருப்பவளோ, கால்களைக் கட்டிலோரம் இறக்கிவிட்டுக் கையூன்றாமல் எழுந்துவிடுகிறாள். சாய்வு நாற்காலியில் முதல் சில இரவுகளைக் கழித்தவர்கள் சொல்லும் சௌகரியமும் இதுவே. உயர்த்திய சயனத்தின் குணம் துயிலில் இருப்பதைக் காட்டிலும் துயிலெழுதலில் இருக்கிறது. வீக்கம் வடிவதற்கு அது துணைபுரிவது அதற்கடுத்த நன்மை.

ஒருக்களித்தே படுத்தும் தமக்கு யாதொரு தீங்கும் நேரவில்லை என்போரின் சாட்சியம், தீங்கு நேர்ந்தவர்கள் அதே குரலில் பேசாததால், அதிகம் எடுபடாது. கச்சு இறுக்கமாக இருந்தால் போதும் என்பார்க்கு, கச்சு தோலுக்கு வெளியே இருப்பது, தசையோ உள்ளே இருப்பது என்ற ஒன்றே விடை.

நழுவுதல் என்ற காரணம் இவ்வளவு வேரூன்றியது ஏன்? 1962-இல் ஹூஸ்டன் நகரில் மருத்துவர்கள் கிரோனினும் ஜெரோவும் முதன்முதல் பொதித்த சிலிகோன் பையின் பின்புறத்தில், மார்புச் சுவரோடு பற்றிக்கொள்ளும்பொருட்டு டாக்ரான் துணித் துண்டுகள் இருந்தன. அச்சம் பையோடு கூடப் பிறந்தது. பின்னர் அத்துணி நீங்கியது; திசுவில் ஒட்டும் சொரசொரப்பான உறைகள் வந்தன; அவற்றுள் ஒரு வகை, அபூர்வமான ஒரு நிணநீர்ப் புற்றுநோயின் காரணமாக 2019-இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. வழவழப்பான பையை அது பொதிந்துள்ள திசு அறைக்குள் நகரவிடுவதே நல்லது என்று கருதி, உரிய காலத்தில் குப்புறப் படுக்கவே சொல்லும் மருத்துவரும் இன்று இருக்கின்றனர். பை மாறியும் காரணம் மாறவில்லை.

தசைக்கு மேலே, சுரப்பியின் அடியில் மட்டும் பை பொதிக்கப்பட்டவர்களுக்கு என் வாதம் பாதி வலுவிழக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் கையூன்றி எழுந்தாலும் பையைத் தள்ள அதன்மேல் தசை இல்லை. எஞ்சுவது வீக்கமும் தையலின் நலமுமே. அவர்களுக்கும் அதே எண்ணிக்கையில் வாரங்களை விதிப்போர், அவ்வெண்ணிக்கைக்கு வேறோர் ஆதாரம் காட்டக் கடமைப்பட்டவர்கள்.