சிஸ்லொக்

ரவுட்டர், சுவிட்ச், சேவர் முதலிய கருவிகள் தம்மிடம் நிகழ்வனவற்றைச் சிறு செய்திகளாகப் பதிந்து, வேறொரு கணினிக்கு அனுப்பிவைக்கும் முறை. இணைப்பு அறுந்ததா, அமைப்பை யாராவது மாற்றினாரா என்பதெல்லாம் இதில்தான் தெரியவரும்.

சென்ட்மெயில் அஞ்சல் நிரலுக்காக எரிக் ஓல்மன் பேர்க்லியில் இதை எழுதினார். 1980களின் தொடக்கம் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் காலம். பி.எஸ்.டி. யுனிக்ஸோடு இது பரவியது. பின்னர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பொதுத் தரம் எதுவும் இல்லை. தயாரிப்பாளர்கள் தத்தம் போக்கில் பின்பற்றினர்.

2001 ஓகஸ்டில் சிஸ்கோ நிறுவனத்தின் கிறிஸ் லொன்விக் எழுதிய ஆர்.எஃப்.சி. 3164 என்ற ஆவணம் வெளியானது. இதைத் தரம் என்று பலர் சொல்வதுண்டு. ஆனால் தகவலுக்கான ஆவணமாகவே அது வெளியிடப்பட்டது; அன்று புழக்கத்தில் இருந்ததை விவரித்ததே அதன் பணி. அதன்படி செய்தியின் கடுமைக்கு எட்டுப் படிகள்: 0 அவசரநிலை, 7 பிழைதேடலுக்கான விவரம். செய்தி பிறந்த பகுதியைக் குறிக்க 0 முதல் 23 வரை எண்கள். பகுதி எண்ணை எட்டால் பெருக்கிக் கடுமை எண்ணைக் கூட்டினால் செய்தியின் தலையில் நிற்கும் எண் கிடைக்கும். சிஸ்கோ ரவுட்டரின் வழக்கமான பகுதி எண் 23. அமைப்பு மாற்றத்தை அறிவிக்கும் செய்தியின் கடுமை 5. ஆகவே அது 189 என்ற எண்ணோடு வந்து சேரும்.

இந்த வடிவத்தின் நேரக் குறிப்பில் மாதம், நாள், மணி, நிமிடம், வினாடி உண்டு. ஆண்டும் நேர வலயமும் இல்லை. இலங்கைக்கு இது சிறிய குறையன்று. மின்சார நெருக்கடியால் 1996 மே 25இல் இலங்கைக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்தள்ளப்பட்டன. அதே ஆண்டு ஒக்டோபர் 26இல் அரை மணி குறைக்கப்பட்டது. 2006 ஏப்ரல் 15இல்தான் நாடு, உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னிற்கும் பழைய நேரத்துக்குத் திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் பழைய நேரத்தையே வைத்திருந்தன. உள்ளூர் நேரத்தில் எழுதப்பட்ட "மே 20, 10:00:00" என்ற வரி உலகப் பொது நேரத்தில் எந்தக் கணம் என்பதை அந்த வரியை மட்டும் வைத்துச் சொல்ல வழியில்லை.

மின்கலக் கடிகாரம் இல்லாத பழைய சிஸ்கோ ரவுட்டர்கள் ஒவ்வொரு முறை எழும்பும்போதும் 1993 மார்ச் 1 என்றே நாளைத் தொடங்கும்; நேரம் நம்பத்தக்கதல்ல என்பதைக் காட்ட அதன் முன்னால் ஓர் உடுக்குறி நிற்கும். இடிமழைக் காலத்தில் மின்சாரம் போய்வரும் அரநாயக்க போன்ற மலைப்பகுதியில் இத்தகைய ரவுட்டர் எத்தனை மார்ச் முதலாம் தேதிகளைக் காணும் என்று எண்ணத் தோன்றுகிறது. 'லொகிங் பஃபர்ட்' கட்டளையால் சேமிக்கப்படுபவை தற்காலிக நினைவகத்தில் இருப்பதால் மின்சாரத்தோடு அவையும் போய்விடும். எனவே 'லொகிங் ஹோஸ்ட்' கட்டளையால் வெளிச் சேவரின் முகவரியைக் கொடுப்பதும், என்.டி.பி. எனும் நேர ஒத்திசைவு நெறிமுறை வழி கடிகாரத்தைச் சரிசெய்வதும், 'கிளொக் டைம்ஸோன்' கட்டளையில் 5, 30 என்று இடுவதும் வழக்கம். பதிவுகளை உலகப் பொது நேரத்திலேயே வைத்திருக்க வேண்டும் என்போரும் உண்டு.

செய்திகள் பெரும்பாலும் யு.டி.பி. 514ஆம் போர்ட்டில் செல்கின்றன. சேர்ந்ததா என்ற உறுதி திரும்பி வராது. சேவருக்குப் போகும் ஒரே இணைப்பு அறுந்தால், அறுந்ததை அறிவிக்கும் செய்தியே வழியில் தொலையக்கூடும்.

2009 மார்ச்சில் ரெய்னர் கெர்ஹார்ட்ஸ் எழுதிய ஆர்.எஃப்.சி. 5424 முந்தையதை நீக்கி, ஆண்டையும் நேர வலயத்தையும் சேர்த்தது. மறைகுறியாக்கி அனுப்ப 6514ஆம் போர்ட் ஒதுக்கப்பட்டது. பழைய வடிவத்தில் அனுப்பும் கருவிகள் இன்றும் உள்ளன.