பழைய கட்டற்ற மென்பொருள்களும் இயங்குதளப் புதுப்பித்தலும்

இயங்குதளத்தைப் புதுப்பித்தபின் பழைய மென்பொருள் ஓடுமா என்ற கேள்விக்கு இயங்குதளங்களின் வயதே ஆகிறது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிவடைந்தபோது இக்கேள்வி பல வீடுகளிலும் அலுவலகங்களிலும் மீண்டும் எழுந்தது. விலைக்கு வாங்கிய மென்பொருள் ஓடவில்லையென்றால் விற்றவரைக் கேட்கலாம். விலையின்றிக் கிடைத்தது ஓடவில்லையென்றால் யாரைக் கேட்பது?

இவ்விடத்தில் இரண்டு சொற்களைப் பிரித்தறிவது அவசியம். காசில்லாமல் கிடைப்பது இலவச மென்பொருள். மூலநிரலோடு, அதைத் திருத்தவும் பகிரவும் உரிமை தந்து கிடைப்பது கட்டற்ற மென்பொருள். ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் குனூ திட்டத்தை அறிவித்தது இரண்டாவது வகைக்காகவே. வாங்கும் நாளில் இவ்விரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. பத்தாண்டு கழித்து இயங்குதளம் மாறும்போதுதான் தெரியும்.

முதல் வகையின் கதையை விண்டோஸில் பார்க்கலாம். டாஸ் காலத்திலும் விண்டோஸ் 3.1 காலத்திலும் எழுதப்பட்டவை 16 பிட் மென்பொருள்கள். அவற்றுள் இலவசமாகக் கைமாறிய சிறு கருவிகளும் விளையாட்டுகளும் ஏராளம். 32 பிட் விண்டோஸ் பதிப்புகள் ஒரு மெய்நிகர் டாஸ் இயந்திரத்தைத் தம்முள் வைத்திருந்து அவற்றை ஓட்டின. 64 பிட் விண்டோஸில் அது இல்லை. காரணம் ஓரளவு நுண்செயலியிலேயே இருக்கிறது. 64 பிட் நிலையில் இயங்கும் நுண்செயலி, டாஸ் நிரல்களுக்கென இருந்த பழைய மெய்நிகர் நிலைக்குள் போக முடியாது. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. ஆகவே விண்டோஸ் 10இன் 32 பிட் பதிப்போடு அந்த வழி அடைபட்டது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1990களின் சில மென்பொருள்கள் 32 பிட்டில் எழுதப்பட்டிருந்தாலும் அவற்றை நிறுவித்தரும் நிரல் 16 பிட்டாக இருந்தது. வீடு நன்றாகத்தான் இருக்கிறது, வாசற்கதவுதான் திறக்கவில்லை! 64 பிட் விண்டோஸ் அத்தகைய நிறுவிகளில் பரவலான சிலவற்றை அடையாளம் கண்டு, அவற்றுக்குப் பதிலாகத் தன்னிடமுள்ள 32 பிட் நிறுவியை ஓட்டுகிறது.

இந்த இடைவெளியை நிரப்பியவையும் கட்டற்ற மென்பொருள்களே. 2002இல் முதலில் வெளிவந்த டாஸ்பாக்ஸ் பழைய நுண்செயலியையே மென்பொருளாகப் போலச்செய்கிறது. 1993இல் தொடங்கப்பட்ட வைன் திட்டம் விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டுகிறது. 64 பிட் விண்டோஸ் கைவிட்ட 16 பிட் விண்டோஸ் நிரல்கள் சில 64 பிட் லினக்ஸில் வைன் வழியாக ஓடுவது பலருக்கும் வியப்பளிக்கும்.

லினக்ஸின் நிலை வேறு. அதன் கருனியைப் பொறுத்தவரை லினஸ் டோர்வால்ட்ஸ் ஒரு விதியைப் பிடிவாதமாகக் காத்து வருகிறார்: முன்பு ஓடிய பயனர் நிரலைக் கருனியின் மாற்றம் ஓடாமல் செய்யக்கூடாது. 2012 டிசம்பரில் அவ்விதியை மீறிய சக பராமரிப்பாளர் ஒருவரை அவர் பொதுவில் கடுமையாகச் சாடியது நிரலாளர் வட்டத்தில் இன்றும் பேசப்படுகிறது. 1990களின் நடுவிலேயே வழக்கொழியத் தொடங்கிய ஏ.அவுட் என்னும் கோப்பு வடிவத்துக்கான ஆதரவுகூட 2022இல்தான் முழுமையாக நீக்கப்பட்டது.

எனில் லினக்ஸில் பழைய மென்பொருள் ஏன் நின்றுபோகிறது? கருனிக்கும் மென்பொருளுக்கும் இடையில் இருக்கும் நிரலகங்களே காரணம். பல மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் இவற்றைப் பராமரிப்போர் அனைவரும் டோர்வால்ட்ஸின் விதிக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர். 1997, 1998 ஆண்டுகளில் லினக்ஸ் விநியோகங்கள் பழைய சி நிரலகத்தை விட்டுக் குனூவின் ஜிலிப்சிக்கு மாறியபோது, முன்பு தொகுக்கப்பட்ட நிரல்கள் பழைய நிரலகத்தையும் உடன் வைத்திருந்தால் மட்டுமே ஓடின. வரைகலை இடைமுகத்துக்கான ஜிடிகே நிரலகத்தின் வரலாறு இன்னும் கடினமானது. வின்ஆம்ப் போன்ற தோற்றத்தில் 1990களின் இறுதியில் புகழ்பெற்ற எக்ஸ்எம்எம்எஸ் என்ற பாட்டு இயக்கி ஜிடிகேயின் முதல் பதிப்பைச் சார்ந்திருந்தது. அப்பதிப்பைப் பேண ஆளில்லாமல் போகவே, 2000களின் பிற்பகுதியில் விநியோகங்கள் இயக்கியையும் சேர்த்துக் கைவிட்டன. ஆனால் மூலநிரல் இருந்தது. அதிலிருந்து கிளைத்த பீப் மீடியா பிளேயர், அதிலிருந்து 2005இல் கிளைத்த ஆடேசியஸ் என அது வழிமுறை கண்டது. 2011இல் குனோம் 3 வந்து பழைய மேசைத்தளம் மறைந்தபோதும், அதை விரும்பியவர்கள் குனோம் 2இன் நிரலை எடுத்து மேட் என்ற பெயரில் வளர்த்தனர். ஜிடிகே என்பதே கிம்ப் பட மென்பொருளுக்காக உருவான நிரலகம். அதன் மூன்றாம் பதிப்பு 2011இல் வெளிவந்தது. கிம்ப் அதற்கு மாறியதோ 2025 மார்ச்சில்! மூலநிரல் கையில் இருந்தும் பதினான்கு ஆண்டுகள் ஆயின. ‘மூலநிரல் இருக்கிறதே, யாராவது சரிசெய்வார்கள்’ என்று எளிதாகச் சொல்வோர் இதை நினைவில் கொள்ளலாம்.

நிரல்மொழியே மாறுவதும் உண்டு. பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1இல் முடிந்தது; 2023இல் வந்த டெபியன் 12இல் அது இல்லை. அம்மாற்றத்தின் முக்கியக் காரணங்களுள் ஒன்று தமிழுக்கு நெருக்கமானது. ‘தமிழ்’ என்ற சொல்லை யுடிஎஃப்-8 முறையில் எழுதி அதன் நீளத்தைக் கேட்டால் பைத்தான் 2இன் சாதாரணச் சரம் 15 என்னும், ஏனெனில் அது பைட்டுகளை எண்ணுகிறது. பைத்தான் 3 ஐந்து என்கிறது. மூன்று என்று சொல்லத் தமிழாசிரியர்தான் வேண்டும்.

மாறாக, டொனால்டு கனூத் 1978இல் வெளியிட்ட டெக் அச்சுக்கோப்பு மென்பொருள் நீடித்து நிற்கிறது. இனிப் புதிய வசதி எதுவும் சேர்க்கப்படாது, பிழைகள் மட்டுமே திருத்தப்படும் என்று 1990இல் அவர் அறிவித்தார். ஒவ்வொரு திருத்தத்திலும் பதிப்பெண் பை என்னும் எண்ணை நெருங்குகிறது. அதன் பாஸ்கல் மூலநிரல் இன்று தானியங்கியாகச் சி மொழிக்கு மாற்றப்பட்டுத் தொகுக்கப்படுகிறது.

2019 ஜூனில் உபுண்டு தன் அடுத்த பதிப்பில் 32 பிட் பொதிகளை விட்டுவிடப் போவதாக அறிவித்தது. வைன் பயனர்களும் விளையாட்டுப் பயனர்களும் எதிர்க்கவே, ஒரு வாரத்துக்குள் பின்வாங்கித் தேர்ந்தெடுத்த சில 32 பிட் நிரலகங்களை வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டது.

தமிழ்க் கணிமையில் இழப்பு மென்பொருளோடு நிற்கவில்லை. ஒருங்குறியின் 1991ஆம் ஆண்டு முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ஆனால் விண்டோஸ் 2000 வரும்வரை சாதாரணக் கணினியில் அதற்குப் பயனில்லை. அதுவரை தமிழ் எழுதியோர் இலத்தீன் எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்திய எழுத்துருக்களை நம்பினர். இயங்குதளத்தின் கண்ணுக்கு அது தமிழே அல்ல. புதிய கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் ஒரு நூலின் கையெழுத்துப்படி முழுவதும் பொருளற்ற குறிகளாகத் தெரியும். பாமினி, டிஸ்கி, டாம், டாப் என்று குறிமுறைகள் பலவாக இருந்ததால் எது எதில் எழுதப்பட்டது என்பதைக் கண்டுபிடிப்பதே ஒரு வேலை. டிஸ்கியில் இகரத்துக்குத் தரப்பட்ட 173ஆம் இடம், இலத்தீன் குறிமுறையில் கண்ணுக்குப் புலப்படாத இணைகோட்டுக்கு உரியது. அதனால் சில மென்பொருள்கள் இகரத்தை மட்டும் விழுங்கின.

தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. அதற்கு முந்தைய கோப்புகள் இன்னும் பலரிடம் குறுந்தகடுகளிலும் பழைய வன்தட்டுகளிலும் கிடக்கின்றன. அவற்றுள் டிஸ்கியில் உள்ளவற்றைத் திறக்கத் தனி மென்பொருளைத் தேட வேண்டியதில்லை. 1997இல் பழைய நிரல்களைத் தடுமாற வைத்த அதே ஜிலிப்சியில் 2002 முதல் டிஸ்கியை ஒருங்குறியாக மாற்றும் பகுதி இருக்கிறது. இன்றைய லினக்ஸ் விநியோகங்களில் ஐகான்வ் என்ற கட்டளை அதைப் பயன்படுத்துகிறது.