பதினைந்து கலம் நெல் வாங்கிய நாவிதர்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற கரையில் இருக்கிறது திருமுக்கூடல் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில். அங்கே வீரராசேந்திர சோழனின் ஐந்தாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு; 1068 வாக்கில் வெட்டியது. வேதமும் இலக்கணமும் படித்த மாணவர்களுக்கும் கோயில் ஊழியர்களுக்கும் ‘வீரசோழன்’ என்ற பெயரில் 15 படுக்கையுள்ள ஆதுலசாலை, அதாவது ஆஸ்பத்திரி, நடந்ததை அது நெல் கணக்கோடு சொல்கிறது. வைத்தியர் ஆலப்பாக்கத்துக் கோதண்டராமன் அசுவத்தாம பட்டனுக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல், 8 காசு. அறுவை செய்பவருக்கு 30 கலம். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் இருவர், மூலிகையும் விறகும் கொண்டுவர இருவர். இவர்களோடு நாவிதர் ஒருவர், 15 கலத்துக்கு.

இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பட்டனைப் பற்றித்தான் விரிவாக எழுதுகிறார்கள். எனக்குக் கண் போவது அந்த நாவிதர் மேல். எங்கள் அப்பா இந்த வட்டாரத்தில் அடைப்பம் என்கிற நாவிதர் பையைத் தூக்கியவர். நான் அரசு ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சம்பளப் பட்டியலில் நாவிதரும் வைத்தியரோடு சேர்ந்து நிற்பது எனக்குச் சின்ன விஷயம் இல்லை. தலை மழிக்க மட்டும் ஓர் ஆளை ஆஸ்பத்திரியில் வைத்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். நகம் களைவதும், கட்டியைக் கீறுவதும், காலில் ஏறிய முள்ளை எடுப்பதும் தலைமுறை தலைமுறையாக எங்கள் கை வேலை. தமிழ்நாட்டில் எங்கள் சமூகத்துக்கே மருத்துவர் என்று பெயர். பிரசவம் பார்த்த எங்கள் வீட்டுப் பெண்களை மருத்துவச்சி என்றார்கள்.

அப்பாவின் அடைப்பத்தில் சவரக்கத்தி, கத்தரிக்கோல், சாணைக்கல்லோடு நகம் களைய ஒரு சிறிய உளி இருக்கும். கால் ஆணிக்கு வந்தவரைத் திண்ணையில் உட்காரவைத்து, பாதத்தை வெந்நீரில் நெடுநேரம் ஊறப் போடுவார். ஊறிய தோலை உளி முனையால் மெல்லிய ஏடு ஏடாகச் சீவுவார். நடுவில் வெள்ளையாகக் கெட்டித்த முளை தெரியும். அதைச் சுற்றி இளக்கி எடுப்பார். ரத்தம் எட்டிப் பார்த்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுவார். நடவுக் காலத்தில் விரல் இடுக்கெல்லாம் வெளுத்துப் பிளந்து, சேற்றுப்புண்ணோடு வருகிற பெண்களுக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும். குதிகால் வலிக்குச் சுட்ட செங்கல்லின் மேல் எருக்கிலையைப் போட்டு மிதிக்கச் சொல்வார். பித்த வெடிப்புக்கு விளக்கெண்ணெய். அந்தப் பழைய ஆதுலசாலையின் மருந்துப் பட்டியலிலும் ஆமணக்கு சேர்ந்த தைலங்கள் இருக்கின்றன.

உளியைத் துணியில் துடைத்துவிட்டு அடுத்த காலுக்குப் போவது அந்தக் காலத்து வழக்கம். அதனால் புரை வைத்த கால்களும் உண்டு. பெருமைக்காக அதை மறைக்க எனக்கு மனம் வராது. ஆனால் ஊர்க்காரர்களின் பாதத்தைத் தொட்டுத் திருப்பிப் பார்க்க ஓர் ஆள் இருந்தார். பிளேடும் சலூனும் வந்தபின் அந்த வேலை யார் கைக்கும் போகவில்லை. டாக்டர்கள் நாடி பார்த்தார்கள், நெஞ்சு பார்த்தார்கள். செருப்பைக் கழற்று என்று சொன்னவர்கள் குறைவு.

அப்படிச் சொன்ன ஒருவர் இதே பாலாற்றின் கரையில், மேற்கே இருந்தார். பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் பிறந்த வெள்ளைக்காரர். 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளிகளின் பாதப்புண் ஆறாமல் போவது சதை அழுகுவதால் என்றுதான் அதுவரை பலரும் நம்பினார்கள். சதையில் குற்றமில்லை, உணர்ச்சி செத்த காலை அவர்கள் வலி தெரியாமல் ஒரே இடத்தில் ஊன்றி ஊன்றி நடப்பதுதான் காரணம் என்று அவர் காட்டினார். மாவுக்கட்டுப் போட்டு அழுத்தத்தைப் பரப்பினால் புண் ஆறியது. ஆறிய பாதம் மறுபடி உடையாமலிருக்க வேலூரிலும் பக்கத்துக் கரிகிரியிலும் மெத்தென்ற நுண்துளை ரப்பரில் செருப்பு செய்தார்கள். இன்று எம்.சி.ஆர். செருப்பு என்று சர்க்கரை நோயாளிகளுக்கு எழுதித் தருவது அந்த வழியில் வந்ததுதான்.

தொழுநோய் இன்று வெகுவாகக் குறைந்துவிட்டது. அதே மரத்த பாதம் சர்க்கரையால் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. கட்டு அறையில் நான் பார்த்த கால்களில் பெரும்பாலும் ஒரே கதை. வேலிகாத்தான் முள் செருப்பைத் துளைத்து ஏறியிருக்கும். வலிக்காததால் நான்கைந்து நாள் அதோடேயே நடந்திருப்பார்கள். சாக்ஸில் ஈரம் பார்த்து, இல்லையென்றால் வீட்டில் நாற்றம் வந்துதான் தெரிந்திருக்கும். ஆணி என்று நினைத்து எருக்கம்பால் வைத்தவர்கள், கடையில் ஆணி பிளாஸ்திரி வாங்கி ஒட்டியவர்கள், பிளேடால் தாங்களே அறுத்தவர்கள். விரலோடு போகவேண்டியது முழங்காலுக்குக் கீழே போனதையும் பார்த்திருக்கிறேன்.

அதனால் நான் யாரிடமும் ஒளிவுமறைவில்லாமல் சொல்வது இது. சர்க்கரை இல்லாத, உணர்ச்சி நன்றாக உள்ள கால் என்றால் ஆணிக்கு வெந்நீரும் அகலமான செருப்பும், வெடிப்புக்கு எண்ணெயும், சேற்றுப்புண்ணுக்கு விரலிடுக்கைத் துடைத்து உலர வைத்துப் பூஞ்சைக் களிம்பும் போதும். குதிகால் வலி சில வாரங்கள் ஆகியும் விடாவிட்டால், நகம் சதைக்குள் இறங்கிச் சீழ் வைத்தால், ஒரு கால் மட்டும் வீங்கினால், புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் டாக்டரிடம் காட்ட வேண்டும். சிவப்பு மேலேறிக் காய்ச்சலும் சேர்ந்தால், விரல் கறுத்தால், அன்றைக்கே போக வேண்டும். சர்க்கரை உள்ளவருக்கு இந்த வாரக் கணக்கெல்லாம் கிடையாது. சின்னக் கொப்புளமானாலும் மறுநாள் காலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்க வேண்டும். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்கும் சோதனை ஒன்று உண்டு. சில நிமிட வேலைதான். வருஷத்துக்கு ஒருமுறையாவது கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பழையசீவரம் மலைக்கு வந்து, ஆற்றைக் கடந்து திருமுக்கூடலுக்கு எழுந்தருளுவார். இந்தப் பார்வேட்டைத் திருவிழாவுக்கு வருகிற கூட்டத்தில் பாதிப்பேர் வெறுங்காலோடு மணலில் நடக்கிறார்கள். சர்க்கரை உள்ளவர்கள் தயவுசெய்து கோயில் வாசல் வரை செருப்போடு வாருங்கள். வீட்டுக்குப் போனதும் விளக்கு வெளிச்சத்தில் உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள்.