கண்டதை வரைந்தோர்

புத்தளக் கரையோரத்துக் கனமூலையில், தை மாதத்து நிலவில்லா முன்னிரவில் வடமேல் வானை நோக்குவோர்க்கு அந்திரொமேடா மண்டலத்தில் மங்கலான புகைத்திட்டு ஒன்று தென்படும். இத்தகைய திட்டுகள் யாவை என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது.

அப்புதிரை அணுகியவருள் ஒருவர், வானியலைத் தொழிலாகக் கொள்ளாத அயர்லாந்துப் பிரபு ரோஸ் என்பார். தம் கோட்டை வளவிலேயே 6 அடி விட்டமுள்ள உலோக ஆடியை வார்ப்பித்துப் பெருந்தொலைநோக்கி ஒன்றை அமைத்தார். 1845 ஏப்ரிலில், வேட்டைநாய் மண்டலத்துத் திட்டொன்று நீர்ச்சுழி போலச் சுருண்டிருக்கக் கண்டு, கண்டவாறே வரைந்து வைத்தார். அவ்வாண்டே பஞ்சம் புகவே, வானாய்வை நிறுத்திக் குடிகளின் துயர் துடைக்க முனைந்தார். அவர் கண்டது பால்வீதிக்கு அப்பாலுள்ள தனி நட்சத்திரத் தொகுதி என்பது, 1920களில் ஹபிள் என்பாரின் ஆய்வுக்குப் பின்னரே தெளிவாயிற்று.

இலங்கையிலும் இம்மரபினர் ஒருவர் வாழ்ந்தார். கொழும்பிற் பிறந்த மோல்ஸ்வேர்த் என்னும் படைப்பொறியாளர், திருகோணமலையில் 12½ அங்குலத் தொலைநோக்கி கொண்டு வியாழனை ஆராய்ந்தார். 1901 பெப்ரவரியில் அக்கோளின் மீது அவர் கண்ட கருந்திட்டு ஏறத்தாழ 1939 வரை நிலைத்தது. அதன் முடிவைக் காண அவர் இல்லை, 1908இலேயே மறைந்தார். செவ்வாய்க் கோளில் ஒரு பெருங்குழி அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

கண்டதன் பொருள் காண்பவன் காலத்தில் விளங்காமற் போகலாம். கூட்டாமலும் குறைக்காமலும் அதனைப் பதிந்து வைப்பதே அவன் கடன்.