பிரதி இருந்தால் மட்டும் போதுமா?

ஒரு நூலுக்கு மூன்று படிகள் எடுத்து மூன்று வீடுகளில் வைத்துவிட்டால், ஒரு வீட்டில் தீப்பிடித்தாலும் நூல் பிழைக்கும். இது நாம் அனைவரும் அறிந்ததே. ஆனால் எரிந்துபோன படிக்கு ஈடாக இன்னொன்றை யார், எப்போது எழுதி வைப்பது? எஞ்சிய இரு படிகளும் ஒன்றுக்கொன்று மாறுபட்டிருந்தால் எதனை நம்புவது? கணிப்பொறி அறிஞர்கள் இவ்விரு வினாக்களோடும் பல்லாண்டுகள் போராடினர். அந்த வரலாற்றையே இன்று காண்போம்.

1980களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகம், ஐ.பி.எம். நிறுவனத்துடன் சேர்ந்து 'ஆண்ட்ரூ' என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. பல்கலைக்கழகத்தின் கணிப்பொறிகள் தமக்கு வேண்டிய கோப்புகளைக் கம்பி வழியே சில பொதுப் பொறிகளிலிருந்து பெற்றன. கோப்புகளைக் காத்து வழங்கும் அப்பொறிகளைச் சர்வர் என்பர். வசதி பெரிதுதான். ஆயினும் ஒரு சர்வர் நின்றுவிட்டால், அதில் கோப்பு வைத்திருந்தவர்களின் வேலையும் தடைப்பட்டது.

இக்குறையைப் போக்க 1987ஆம் ஆண்டில் அதே பல்கலைக்கழகத்தில் 'கோடா' என்னும் முறை உருவாகத் தொடங்கியது. அதனை வழிநடத்திய மகாதேவ் சத்யநாராயணன், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்றவர். கோடாவில் ஒரே கோப்பைப் பல சர்வர்களில் வைக்கலாம். ஒன்று நின்றாலும் மற்றொன்று கொடுக்கும்.

சிக்கல் இங்குதான் பிறந்தது. இணைப்பு அறுந்து, சர்வர்கள் ஒன்றையொன்று காணமுடியாமல் போகலாம். அப்போது இங்கே ஒருவர் கோப்பைத் திருத்துவார். அங்கே வேறொருவர் அதே கோப்பைத் திருத்துவார். இணைப்பு மீண்டதும் 'பிந்தியதே சரி' என்று முடிவு கட்டினால், முந்தியவரின் உழைப்பு சத்தமின்றி அழிந்துவிடும்.

இதற்கு உதவிய கருத்து 1983ஆம் ஆண்டில் வெளிவந்திருந்தது. ஒவ்வொரு பிரதியோடும், எந்தச் சர்வரில் எத்தனை திருத்தங்கள் நடந்தன என்னும் எண்வரிசையைச் சேர்த்து வைப்பதே அது. ஒரு பிரதியில் 3, 2 என்றும் மற்றதில் 2, 2 என்றும் இருந்தால், பின்னது பழையது. அதனைப் பொறி தானே புதுப்பிக்கலாம். 3, 2 என்றும் 2, 3 என்றும் இருந்தால், இரண்டிலும் தனித்தனித் திருத்தங்கள் உள்ளன என்று பொருள். அங்கே பொறி தன்னிச்சையாகத் தீர்ப்புக் கூறலாகாது; உரியவரைக் கேட்க வேண்டும். தானே சரிசெய்வது ஒரு திறமை; எங்கே கை வைக்கக்கூடாது என்று அறிவது அதனினும் பெரிய திறமை.

பின்னர் இணையம் வளர்ந்தது. மலிவான பொறிகள் நூற்றுக்கணக்கில் ஒன்றாக இயங்கலாயின. பழுது அன்றாட நிகழ்ச்சியாயிற்று. 2003ஆம் ஆண்டு அக்டோபரில், கூகுள் நிறுவனத்தின் சஞ்சய் கெமாவத், ஹோவர்ட் கோபியாஃப், ஷுன்-டாக் லியூங் ஆகிய மூவர் தங்கள் கோப்பு முறையை விளக்கி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். அம்முறையில் கோப்புகள் 64 மெகாபைட் துண்டுகளாக வெட்டப்பட்டன. ஒவ்வொரு துண்டும் வழக்கமாக மூன்று சர்வர்களில் இருந்தது. தலைமைப் பொறி ஒன்று மற்றவற்றிடம் அடிக்கடி நலம் விசாரிக்கும். பதில் வராவிட்டால், குறைந்துபோன துண்டுகளுக்கு வேறிடத்தில் புதுப்பிரதி எடுக்கக் கட்டளையிடும்.

இதனை ஏட்டில் எழுதியதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. வேலை செய்துகொண்டிருந்த 227 சர்வர்களில் ஒன்றை வேண்டுமென்றே நிறுத்தினர். அதில் ஏறத்தாழ 15,000 துண்டுகளும் 600 கிகாபைட் தகவலும் இருந்தன. மீட்பு வேலை மற்றப் பணிகளை நெருக்கிவிடாதிருக்க, ஒரே சமயத்தில் 91 பிரதிகளுக்கு மேல் எடுக்கலாகாது என வரம்பும் இட்டிருந்தனர். அப்படியிருந்தும் 23.2 நிமிடங்களில் எல்லாத் துண்டுகளும் மீண்டன.

அடுத்த சோதனையில் இரண்டு சர்வர்களை நிறுத்தினர். இம்முறை 266 துண்டுகளுக்கு ஒரே ஒரு பிரதிதான் எஞ்சியது. அதுவும் போனால் துண்டே போய்விடும். மருத்துவர் வரிசையைப் பாராமல் உயிருக்குப் போராடுபவரை முதலில் கவனிப்பதுபோல், பொறி இவற்றுக்கே முதலிடம் கொடுத்தது. 2 நிமிடங்களுக்குள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிரதிகளேனும் அமைந்துவிட்டன.

சோதிக்கப்படாத காப்பு எத்துணை ஆபத்தானது என்பதை 2017 ஜனவரி 31 காட்டியது. கிட்லேப் நிறுவனத்தில், பிரதியெடுப்பில் நேர்ந்த கோளாற்றைச் சரிசெய்ய முயன்றபோது, முதன்மைச் சர்வரின் தரவுத்தளம் தவறுதலாக அழிக்கப்பட்டது. ஐந்து காப்பு வழிகள் இருந்தும் ஒன்றுகூட நம்பத்தக்கதாக இயங்கவில்லை என்று அந்நிறுவனமே அறிவித்தது. ஏறத்தாழ 6 மணி நேரத்திற்கு முன் கையால் எடுத்த ஒரு பிரதியே கைகொடுத்தது. இடைப்பட்ட நேரத்தின் தரவுகள் மீளவில்லை.

ஆகவே சோதனை எவ்வாறு அமைய வேண்டும்? எழுதும் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு சர்வரை நிறுத்த வேண்டும். இணைப்பைத் துண்டிக்க வேண்டும். ஒரு பிரதியில் சில எழுத்துகளைக் கெடுத்துப் பார்க்க வேண்டும். நெடுநேரம் நின்ற சர்வர் திரும்பும்போது, அதன் பழைய பிரதி புதியதை அழித்துவிடாமலிருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். இறுதியில், 'மீண்டது' என்று பொறி கூறுவதை அப்படியே ஏற்காமல், கோப்பைத் திறந்து மூலத்தோடு ஒப்பிட வேண்டும்.

நேயர்களே, நம் குடும்பப் படங்களும் சங்கக் கணக்குகளும் இன்று கணிப்பொறியில்தான் உள்ளன. பள்ளிகளில் தீயணைப்புப் பயிற்சி நடத்துவது தீ மூண்ட பிறகு அன்று, அதற்கு முன்னரே. நம் பிரதிகளையும் அவ்வாறே, தேவை வருமுன் ஒருமுறை திறந்து பார்த்துவிடுவோம்.