தொட்டிக்குள் இறங்கிய சவ்வு

1914 ஏப்ரல் 3 அன்று மான்செஸ்டரில் வேதியியல் தொழில் கழகத்தின் கூட்டத்தில் எட்வர்ட் ஆர்டெர்ன், வில்லியம் லாக்கெட் என்ற இருவர் ஓர் ஆய்வுக் கட்டுரை படித்தார்கள். பாட்டில்களில் சாக்கடை நீரை நிரப்பி, அதற்குள் காற்றைச் செலுத்திக்கொண்டே இருந்ததன் கதை அது. முதல் முறை நீர் முழுமையாகத் தெளிய ஏறக்குறைய ஐந்து வாரம் பிடித்தது. தெளிந்ததை வடித்துவிட்டு, அடியில் தங்கிய கசடைக் கொட்டாமல் வைத்துக்கொண்டு, அதன்மேல் புதுச் சாக்கடை நீரை ஊற்றினார்கள். திரும்பத் திரும்ப இப்படிச் செய்ததில் வாரக்கணக்கு நாள்கணக்காகி, கடைசியில் சில மணி நேரத்திலேயே நீர் தெளிந்தது. கசடுக்குள் பெருகியிருந்த நுண்ணுயிர்கள்தான் அழுக்கைத் தின்று தீர்த்தன. இந்த ஆய்வுக்குத் தூண்டுதலாக இருந்த கில்பர்ட் ஃபௌலர் பின்னாளில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குப் பேராசிரியராக வந்தார்.

உலக நகரங்கள் இன்றும் பெரும்பாலும் இந்த முறையைத்தான் நம்பியிருக்கின்றன. ஆனால் அதில் தொடக்கத்திலிருந்தே ஒரு சிக்கல் உண்டு. வேலை முடிந்ததும் கசடையும் நீரையும் பிரித்தாக வேண்டும். அதற்கு ஒரு பெரிய படிவுத் தொட்டி கட்டி, கசடு தானாக அடியில் இறங்கும்வரை காத்திருப்பார்கள். இழைபோல வளரும் சில பாக்டீரியாக்கள் பெருகிவிட்டால் கசடு உப்பி மிதக்கும். அடியில் இறங்காது, நீரோடு சேர்ந்து வெளியே போய்விடும். படிவது தடைபடாமல் இருக்க, காற்றூட்டும் தொட்டியில் லிட்டருக்கு இரண்டு முதல் நான்கு கிராம் கசடுக்கு மேல் வைத்துக்கொள்வதும் கடினம். கசடு நீர்த்திருந்தால் தொட்டி பெரிதாக வேண்டும். தொட்டி பெரிதானால் நிலம் வேண்டும். அதனால் சுத்திகரிப்பு நிலையங்கள் ஊருக்கு வெளியே ஏக்கர்கணக்கில் பரந்தன.

இதற்கு மாற்று வந்தது வேறொரு துறையிலிருந்து. 1960-ஐ ஒட்டி, கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் சிட்னி லோப் என்பவரும், இந்தியாவில் பிறந்த சௌரிராஜனும் கடல்நீரைக் குடிநீராக்கும் முயற்சியில் செல்லுலோஸ் அசிடேட்டில் ஒரு சவ்வை உருவாக்கினார்கள். மேலே மிக மெல்லிய தோல், கீழே அதைத் தாங்கும் துளைகள் நிறைந்த அடுக்கு. தோல் மெல்லியதாக இருந்ததால் நீர் முன்பைவிடப் பல மடங்கு வேகமாகக் கடந்தது. சவ்வால் வடிகட்டுவது ஆய்வகத்தைத் தாண்டித் தொழிலாக மாறியது அதற்குப் பிறகுதான்.

அமெரிக்காவின் டோர்-ஆலிவர் நிறுவனம் இதைச் சாக்கடைக்குக் கொண்டுவந்தது. நிறுவனரான ஜான் டோர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தங்கச் சுரங்க ஆலைகளுக்காகப் படிவுத் தொட்டிகளை மேம்படுத்திப் பெயர் பெற்றவர். அவர் வழிவந்த நிறுவனமே 1960-களின் கடைசியில் படிவுத் தொட்டியை அறவே நீக்கிவிட்டு, அதன் இடத்தில் சவ்வை வைத்தது. கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹுக்கில் ஓர் ஆலையின் கழிவுநீரில் செய்த சோதனையின் முடிவுகள் 1969-ல் வெளியாயின. பாக்டீரியா நுழைய முடியாத துளை என்பதால், கசடு உப்பினாலும் மிதந்தாலும் வெளியேறும் நீர் தெளிவாகவே இருந்தது.

ஆனாலும் அங்கே அது பரவவில்லை. சவ்வு தொட்டிக்கு வெளியே இருந்தது. கெட்டியான கசடுநீரை பம்ப் வைத்து அதன்மேல் வேகமாகச் சுழற்ற வேண்டியிருந்தது. வேகம் குறைந்தால் சவ்வு அடைத்துக்கொள்ளும். ஒரு கன மீட்டர் நீருக்குப் பல யூனிட் மின்சாரம் ஆனது. சவ்வின் விலையும் அதிகம். ஆற்றில் விடப்போகும் நீருக்கு யார் இவ்வளவு செலவழிப்பார்கள்?

ஜப்பானில் நிலைமை வேறு. நிலம் குறுகல், நகரக் கட்டடங்கள் நெருக்கம். டோர்-ஆலிவரிடம் உரிமம் பெற்ற சாங்கி நிறுவனம் 1970-களிலேயே இந்த முறையை அங்கே விற்கத் தொடங்கியது. 1978-ல் ஃபுகுவோகா நகரத்தை வறட்சி தாக்கியது. அடுத்த ஆண்டு மார்ச் வரை மொத்தம் 287 நாட்கள் குடிநீர்க் கட்டுப்பாடு நீடித்தது. அதன்பின் பெரிய கட்டடங்களில் கழிப்பறைக்குச் சுத்திகரித்த நீரைப் பயன்படுத்தும் ஏற்பாட்டை அந்நகரம் முனைந்து வளர்த்தது. 1985-ல் ஜப்பான் அரசு ‘அக்வா ரினைசான்ஸ் 90’ என்ற தேசியத் திட்டத்தைத் தொடங்கி, சவ்வையும் நுண்ணுயிரையும் இணைக்கும் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கியது.

திருப்பம் 1989-ல் வந்தது. கசுவோ யமாமோட்டோவும் அவருடைய சகாக்களும் சவ்வைக் காற்றூட்டும் தொட்டிக்குள்ளேயே இறக்கினார்கள். சேமியாபோல மெல்லிய, உள்ளே துளையுள்ள இழைகளைக் கசடுநீரில் மூழ்கவிட்டு, உட்புறத்திலிருந்து மெதுவாக உறிஞ்சினார்கள். விட்டுவிட்டு உறிஞ்சியதால் இழைகளுக்கு ஓய்வு கிடைத்தது. நுண்ணுயிர்கள் மூச்சுவிட அடியிலிருந்து எப்படியும் காற்று வந்துகொண்டிருந்தது. அந்தக் குமிழிகளே இழைகள்மேல் படியும் அழுக்கையும் உரசி நீக்கின. சுழற்றும் பம்புக்கு வேலையில்லாமல் போய், மின்செலவு சரிந்தது. கசடை லிட்டருக்கு எட்டு, பத்து கிராம்வரை கெட்டியாக வைத்துக்கொள்ள முடிந்ததால் தொட்டியும் சுருங்கியது.

தொழில்நுட்பம் வேகமெடுத்தது இதற்குப் பிறகுதான். தமிழக விவசாயிகள் டிராக்டராலும் நடவு இயந்திரத்தாலும் அறிந்த குபோட்டா நிறுவனம், இழைக்குப் பதிலாகத் தட்டைத் தகடுகளாகச் சவ்வைச் செய்தது. கனடாவில் மக்மாஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த ஆண்ட்ரூ பெனடெக் 1980-ல் தொடங்கிய ஜீனான் நிறுவனம், 1993-ல் ‘ஜீவீட்’ என்ற இழைச் சவ்வைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2008-ல் சிங்கப்பூரின் லீ குவான் யூ நீர்ப் பரிசை முதன்முதலில் பெற்றவர் பெனடெக்தான்.

இங்கிலாந்தின் போர்லாக் கிராமத்தில் 1998-ல் குபோட்டா தகடுகளோடு ஒரு நிலையம் இயங்கத் தொடங்கியது. ஏறக்குறைய 3,800 பேரின் கழிவுநீர் அதற்கு வந்தது. 2003-ல் நியூயார்க்கின் பேட்டரி பார்க் சிட்டியில் ‘சொலேர்’ என்ற 27 மாடிக் குடியிருப்பு திறக்கப்பட்டது. அதன் 293 வீடுகளின் கழிவுநீரை அடித்தளத்திலேயே ஒரு சவ்வு நிலையம் சுத்திகரித்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 95,000 லிட்டர் நீர் கழிப்பறைகளுக்கும் குளிரூட்டும் கோபுரத்துக்கும் தோட்டத்துக்கும் திரும்பிப் போனது. ஒரு காலத்தில் ஏக்கர்கணக்கில் இடம் கேட்ட வேலை, கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்து அறைக்குள் அடங்கியது.

இந்தியாவில் 2006-ன் சுற்றுச்சூழல் அறிவிக்கை, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள கட்டடத் திட்டங்களுக்கு முன் அனுமதியைக் கட்டாயமாக்கியது. அதையொட்டி அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைக் குறிக்கும் ‘எஸ்.டி.பி.’ என்பது அன்றாடச் சொல்லானது. ஏரிகள் வறண்டு, தண்ணீர் லாரிக்காகச் சென்னை காத்துக்கிடந்த 2019 கோடையில், கழிப்பறைக்குத் தனிக்குழாயில் சுத்திகரித்த நீர் வந்த குடியிருப்புகளுக்கு அந்த அளவுக்காவது லாரி நீரின் தேவை குறைந்தது.

சவ்வு கவனிப்பைக் கேட்கிறது. தலைமுடியும் துணிநூலும் இழைகளில் சிக்கிப் பின்னிக்கொள்ளும். ஆகவே முன்னாலேயே சிறுகண் சல்லடை வேண்டும். சோடியம் ஹைப்போகுளோரைட்டாலும் சிட்ரிக் அமிலத்தாலும் முறைவைத்துக் கழுவ வேண்டும். மின்சாரம் போனால் காற்று நிற்கும், கசடு கெடும். ஜெனரேட்டர் இணைப்பும் இதற்கு அவசியம். பயிற்சி பெற்ற ஆபரேட்டரின் சம்பளத்தில் மிச்சம் பிடிக்கும் குடியிருப்பு, சவ்வை மாற்றும் செலவில் அதை இழந்துவிடும்.

கட்டடம் வரையும்போதே முடிவு செய்ய வேண்டிய ஒன்றும் உண்டு. சவ்வுச் சட்டங்களை மேலே தூக்கிக் கழுவ, தொட்டிக்கு மேல் போதிய உயரமும் சங்கிலிக் கப்பியும் வேண்டும். அடித்தளக் கூரையைத் தாழ்வாகப் போட்டுவிட்டால், அடைப்பு எடுக்க ஓர் ஆளை உள்ளே இறக்கும் நிலை வரும். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் சாக்கடைக்குள்ளும் செப்டிக் டேங்குக்குள்ளும் மனிதரை இறக்குவதை 2013-ன் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. சவ்வு நிலையம் வாங்கும் குடியிருப்போர் சங்கங்கள் விலைப்பட்டியலைப் பார்க்கும்முன் அந்தக் கப்பிக்கு இடம் இருக்கிறதா என்று வரைபடத்தில் தேட வேண்டும்.