பத்திக் விற்று வாங்கிய நிலம்

கே.சி.எஸ். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியம் ஒன்றின் அச்சுப்பிரதி என் அறைச் சுவரில் இருக்கிறது. ஊரிலிருந்து வந்த அம்மா அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துட்டு, "யாரோட ஜாதகம்டா இது?" என்று கேட்டார். சிரித்துவிட்டேன். அப்புறம் யோசித்தால், பல விமர்சகர்களைவிட அம்மா சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார்.

1963இல் தொடங்கிய வரிசை அது. ஜாதகக் கட்டங்கள், கணக்குக் குறிகள், ஓலைச்சுவடியில் கிறுக்கியது போன்ற எழுத்துகள். பார்த்தால் மலையாளம் மாதிரி இருக்கும். மலையாள நண்பர் ஒருவர் வாசிக்க உட்கார்ந்து, பத்து நிமிஷத்தில் கைவிட்டார். வாசிப்பதற்காக எழுதியதல்ல, எழுத்து அங்கே வெறும் கோடு.

பணிக்கர் அங்கே வந்து சேர ரொம்ப காலம் ஆனது. 1911இல் கோவையில் பிறந்தவர், தந்தி இலாகாவில் வேலை பார்த்துவிட்டு 1936இல்தான் சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கம் தொடங்கினார் (பம்பாய்க் குழு 1947, எப்பவும் அவங்களைத்தான் முதலில் பேசுவார்கள்!). ஐம்பதுகளில் வரைந்த தோட்டக் காட்சிகளில் வான்கோ வாசனை தூக்கலாக அடிக்கும். பிக்காஸோ ஆப்பிரிக்க முகமூடிகளைப் பார்த்துத் தன் வழியை மாற்றிக்கொண்டார். சரி, நாம் பிக்காஸோவைப் பார்த்து மாற்றிக்கொண்டால் அது யாருடைய ஓவியம்? அந்தத் தலைமுறையை அரித்த கேள்வி இது. பணிக்கருக்கு விடை பாரிஸில் கிடைக்கவில்லை, ஜாதகக் கட்டத்தில் கிடைத்தது.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. காசைப் பற்றி.

1957இல் பணிக்கர் அந்தப் பள்ளிக்கே முதல்வரானார். நல்ல மாணவர்கள் வந்தார்கள். படித்து முடித்ததும் சோறு? படம் வாங்க ஆள் இல்லை. நெசவாளர் சேவை மையத்திலோ விளம்பரக் கம்பெனியிலோ வேலைக்குப் போக வேண்டும். அறுபதுகளில் அவரும் மாணவர்களும் சேர்ந்து கைவினைச் சங்கம் ஒன்று அமைத்தார்கள். துணியில் மெழுகு பூசி, சாயத்தில் முக்கி, பத்திக் செய்தார்கள், விற்றார்கள். அந்தப் பணத்தில் சென்னைக்குத் தெற்கே இஞ்சம்பாக்கத்தில் கடலோர மணல் நிலம் வாங்கினார்கள். 1966இல் பிறந்தது சோழமண்டலம் ஓவியர் கிராமம். அரசு மானியமோ புரவலரோ தந்த நிலம் இல்லை அது.

இதைப் படித்தபோது எனக்கு உறைத்தது. போன மாசம் ஒரு கடைக்காகப் பன்னிரண்டு தாமரைப் படங்கள் ஒப்புக்கொண்டேன். எல்லாம் ஒரே அளவு, ஒரே ரோஸ். நண்பர்களிடம் சொல்லவில்லை. யாராவது வந்தால் கான்வாஸைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிடுவேன். அங்கே பெரிய ஓவியர்கள் பத்திக் துணியை ஒளித்து வைத்ததாகத் தெரியவில்லை!

ஒளிக்க வேண்டியிராததற்கு ஒரு காரணம் அந்தப் பள்ளியின் பிறப்பிலேயே இருக்கிறது. 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் ஆரம்பித்தது. தொழிலும் கலையும் ஒரே கூரையின் கீழ். சோழமண்டலத்துச் சிற்பி ஜானகிராம் உலோகத் தகட்டைத் தட்டித் தட்டி உருவம் செய்தார். கோயில் கவசம் செய்கிறவர் கையும் அதே வேலையைத்தானே செய்கிறது? எது கைவினை, எது கலை என்று அங்கே கோடு போடுவது கஷ்டம்.

ஒன்று சொல்லியாக வேண்டும். பத்திக்கும் தாமரையும் ஒன்றில்லை. துணிக்கு அவர்கள் தங்கள் கோட்டையே கொண்டுபோனார்கள். நான் காலண்டரைப் பார்த்து வரைகிறேன். கூச்சம் அதனால்தானோ என்னவோ.

ஏழு முடிந்தது, ஐந்து பாக்கி. எட்டாவதைக் கடைக்காரர் எடுத்துக்கொள்வாரா தெரியாது, அதில் ரோஸ் இல்லை. காலை ஆறு முதல் ஒன்பது வரை என் சொந்த கான்வாஸ், அதன் பிறகு தாமரை என்று பிரித்திருக்கிறேன். திங்கட்கிழமையிலிருந்து யார் வந்தாலும் எதையும் திருப்பி வைக்கவில்லை.